சரக்கு போய்ச் சேர்ந்ததா?
இன்டர்நெட் நெறிமுறைகள் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்

மறுநாள் ஆடிக் கிருத்திகை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து திருத்தணி மலைக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களால் ஆர்.கே.பேட்டைக் கடைத்தெரு நிரம்பி வழிந்தது. என் மளிகைக் கடையில் ஒரு நெசவாளர் வீட்டு அம்மா 1,340 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். கல்லாவுக்கு முன் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையைத் தம் செல்போனில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணையும் போட்டார். போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில், "பேங்க்ல பணம் எடுத்துட்டதா மெசேஜ் வந்துடுச்சுண்ணா, பாருங்க" என்று காட்டினார். என் கடையிலுள்ள பேசும் பெட்டியோ வாயே திறக்கவில்லை.

"பெட்டி சொல்லலையேம்மா. அது சொன்னாத்தான் நான் பையைத் தர முடியும்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏமாற்ற வந்தவரைப் பார்க்கும் பார்வை அது. அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பர்ஸிலிருந்த நோட்டுகளை எண்ணி 1,340 ரூபாயை ரொக்கமாக வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவு பத்து மணிக்குக் கடையை எடுத்து வைக்கும் நேரத்தில், கடையில் ஒருவரும் இல்லாதபோது, பெட்டி தானாகப் பேசியது: 1,340 ரூபாய் பெறப்பட்டது என்று. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பணம் வரவான நேரம் மாலை 5.22.

அதாவது, அந்த அம்மா என் எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பணம் என் கணக்கில் இருந்திருக்கிறது. பணம் வந்த செய்திதான் என்னிடம் வரவில்லை. பணம் ஒரு வழியாகவும் செய்தி இன்னொரு வழியாகவும் வருவது எப்படி, இரண்டில் ஒன்று மட்டும் வழியில் நிற்பது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நெறிமுறை என்பது நமக்குப் புதிதல்ல

கணிப்பொறித் துறையில் புரோட்டோகால் என்பார்கள். தமிழில் நெறிமுறை. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, பொருள் எளியது: முன்பின் அறியாத இருவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நடைமுறை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை, எப்படி அழுத்தினால் சம்மதம், எப்படி விலக்கினால் மறுப்பு என்பதெல்லாம் தரகர்களுக்குள் முன்பே முடிவானவை. ஒருவர் தெலுங்கு பேசுபவர், மற்றவர் தமிழ் பேசுபவர் என்றாலும் பேரம் நடக்கும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த வட்டாரம் நம்முடையது. நகரியிலிருந்து வருபவரோடு எந்த மொழியில் பேசினாலும் கணக்கு ஒன்றாகத்தான் வரும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெவ்வேறு கம்பெனிகள் செய்த கணிப்பொறிகளும் செல்போன்களும் ஒன்றோடொன்று பேசுவது இதே முறையில்தான். கருவி எதுவாகவும் இருக்கலாம்; விரல் பிடிக்கும் முறை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்டர்நெட்டில் இப்படிப்பட்ட நடைமுறை ஒன்றல்ல, பல உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடியில் இருப்பவை இரண்டு: ஐ.பி., டி.சி.பி. இவற்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். இரண்டையும் லாரி ஆபீஸ் வழியாகவே பார்த்துவிடலாம்.

பார்சல் லாரி

பழைய டெலிபோன் முறை முழு லாரியை வாடகைக்குப் பிடிப்பது போன்றது. நீங்கள் பேசி முடிக்கும் வரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கம்பி உங்களுக்கே சொந்தம். நடுவில் மௌனமாக இருந்தாலும் வாடகை ஓடும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே வேறொரு வழியைச் சொன்னார்கள். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி, எல்லோருடைய பொட்டலங்களையும் ஒரே பாதையில் கலந்து அனுப்புவது. பார்சல் சர்வீஸ் லாரியில் பத்துப் பேர் சரக்கு ஒன்றாகப் போவது போல.

நம் ஊர் விசைத்தறிக்காரர் ஒருவர் புது லுங்கி டிசைனைப் படம் எடுத்து ஈரோட்டு மொத்த வியாபாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் மூன்று மெகாபைட், அதாவது சுமார் 30 லட்சம் பைட். ஒரு பொட்டலத்தில் பொதுவாக அதிகபட்சம் 1,500 பைட்தான் பிடிக்கும். அதிலும் விலாசச் சீட்டுக்கே குறைந்தது 40 பைட் போய்விடும். ஆக அந்த ஒரு படம் ஏறத்தாழ 2,000 பொட்டலங்களாகப் பிரிந்து புறப்படுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு. ஒன்று ஒரு பாதையிலும் அடுத்தது இன்னொரு பாதையிலும் போகலாம். பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரலாம்.

இந்தப் பொட்டலங்களை விலாசம் பார்த்து அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் வேலைதான் ஐ.பி.யின் வேலை. வழியில் ரூட்டர் என்னும் கருவிகள் இருக்கின்றன. டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளின் கிளை குடோன்கள் மாதிரி. ஒவ்வொரு ரூட்டரும் சீட்டைப் பார்த்து, இதற்கு அடுத்த குடோன் எது என்று மட்டும் முடிவு செய்யும். முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. குடோன் நிரம்பி வழிந்தால் சில பொட்டலங்களைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். அனுப்பியவருக்குத் தகவல்கூடச் சொல்லாது. லாரி ரசீதின் ஓரத்தில் சரக்கு உடையவர் பொறுப்பு என்று அச்சடித்திருப்பார்களே, அதே கதைதான்.

விலாசம் தவறிய பொட்டலம் குடோனுக்குக் குடோன் முடிவில்லாமல் சுற்றாதிருக்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. புறப்படும்போதே ஒரு எண் எழுதப்படும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் அந்த இடத்திலேயே குப்பைத்தொட்டி.

விலாசம் என்பது ஓர் எண். 1981-இல் வகுத்த முறைப்படி மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான் இருக்க முடியும். உலகத்துக்கே இது போதும் என்று அன்று நினைத்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்து கொடுக்கப்பட்டுத் தீர்ந்துவிட்டன. இப்போது ஒரே கதவு எண்ணில் பல குடித்தனம் இருப்பது போல ஓர் எண்ணைப் பல செல்போன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐ.பி. ஆறாம் பதிப்பு என்ற புதிய, மிக நீண்ட எண்களும் பக்கத்திலேயே புழங்குகின்றன. நம் நாட்டில் அவை நன்றாகவே பரவியுள்ளன.

பொறுப்பு யாருக்கு?

நடுவில் இருப்பவர் பொறுப்பேற்க மாட்டார் என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? இங்கேதான் டி.சி.பி. வருகிறது. இது வழியிலுள்ள ரூட்டர்களின் வேலையல்ல. இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளின் வேலை.

முதலில் இருவரும் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். "ஹலோ, கேட்கிறதா?" "கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா?" "கேட்கிறது." இந்த மூன்று வார்த்தை முடிந்த பிறகே சரக்கு கிளம்பும். அனுப்புபவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண் இட்டு, நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். பெறுபவர், இந்த எண் வரை வந்து சேர்ந்தது என்று ஒப்புகை அனுப்புகிறார். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் நகலிலிருந்து மறுபடி அனுப்பப்படும். முன்பின்னாக வந்தவற்றைப் பெறுபவர் எண் வரிசையில் அடுக்கிக்கொள்வார். ஒரே எண்ணில் இரண்டு பொட்டலம் வந்தால் ஒன்றை எறிந்துவிடுவார். ஒரே இன்வாய்ஸ் நம்பரில் இரண்டு நகல் வந்தால் பேரேட்டில் ஒரு முறைதானே பதிகிறோம்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று முழுமையாக இதற்கு மாறியது. நடுவில் இருப்பவரை நம்பாதே, கணக்கை இரு முனைகளிலும் வைத்துக்கொள் என்பதுதான் அவர்கள் செய்த ஏற்பாட்டின் சாரம். வணிகம் தெரிந்தவர் போட்ட திட்டம் போலவே இருக்கிறது.

குரல் அழைப்புகளுக்கு இவ்வளவு கறார் உதவாது. இடையில் விட்டுப்போன ஒரு சொல்லைத் திரும்ப வரவழைத்துக் காத்திருந்தால் பேச்சே கெட்டுவிடும். அதற்கு யு.டி.பி. என்ற ஒப்புகையில்லா முறை இருக்கிறது.

நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு பங்காளி. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது கணக்கு இரண்டு வகை. எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு மலிவு; படமும் தெரியும் டி.சி.பி./ஐ.பி. கணக்கு விலை அதிகம். இந்த எழுத்துக்களை அன்று விளம்பரத்தில் பார்த்தவர்கள் நம்மில் இருக்கலாம். சென்னைக்காரருக்கு உள்ளூர் போன் கட்டணம் ஆயிற்று. நம்மைப் போன்ற ஊர்க்காரருக்கு எஸ்.டி.டி. கட்டணம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பாதை அறுந்தால்

2016 டிசம்பர் 12 வர்தா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டில்லை, கார்டு மெஷினை நம்பியிருந்தோம். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் மின்சாரமும் டவரும் சேர்ந்து படுத்துவிட்டன. சென்னைக் கடற்கரையில் இறங்கும் கடலடிக் கேபிள் ஒன்றும் பாதிக்கப்பட்டு வேகம் குறைந்தது என்று செய்தி வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதலே கடலுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் ஓடுகிறது. பின்னர் வேறு கேபிள்களும் வந்து சேர்ந்தன.

ஒரு கேபிள் கெட்டாலும் வெளிநாட்டுத் தொடர்பு அடியோடு நின்றுவிடவில்லை. ரூட்டர்கள் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு பாதை அடைபட்டது தெரிந்ததும் பொட்டலங்களை அடுத்த பாதைக்குத் திருப்பிவிடும். நெடுஞ்சாலையில் மரம் விழுந்தால் கிராமத்துச் சாலையில் லாரி சுற்றிப் போவது போல, நேரம் ஆகும், ஆனால் போகும். ஆனால் சுற்றிப் போக இன்னொரு சாலை இருந்தால்தான் இந்தக் கதை. உலகத்தைச் சுற்றி ஆயிரம் பாதை இருந்தாலும், என் கடையிலுள்ள பெட்டிக்கும் பக்கத்து டவருக்கும் நடுவில் ஒரே பாதைதான்.

நெரிசல்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி என்னும் ஊரில், சுமார் 400 கஜ தூரத்திலிருந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே, வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை. கருவி கெடவில்லை. நடந்தது இதுதான்: நெரிசலால் ஒப்புகை வரத் தாமதமாயிற்று. வரவில்லை என்று எண்ணி எல்லாக் கணிப்பொறிகளும் அதே பொட்டலங்களை மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடிற்று. இன்னும் அனுப்பின. மலைப்படியில் பின்னால் நிற்பவர்கள் தள்ளத் தள்ள, முன்னால் நிற்பவர்கள் நகர முடியாமல் போகும் நிலை.

வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு வழி கண்டு 1988-இல் வெளியிட்டார். முதலில் கொஞ்சமாக அனுப்பு. ஒப்புகை ஒழுங்காக வந்தால் அளவைக் கூட்டு. பொட்டலம் தொலைந்தால், பாதை நிரம்பிவிட்டது என்று புரிந்துகொண்டு உடனே அளவைப் பெருமளவு குறைத்துக்கொள். ஒவ்வொருவரும் தாமாக ஒதுங்கி நிற்பதால் எல்லோருக்கும் வழி கிடைக்கிறது. யாரும் தடி எடுத்துக்கொண்டு நிற்கவில்லை. இன்றுவரை இன்டர்நெட் நெரிசலில் நசுங்காமல் ஓடுவதற்கு இந்தத் தன்னடக்கம் ஒரு முக்கிய காரணம்.

கணிப்பொறிக்கு வந்த இந்தப் புத்தி நமக்கு வருவதில்லை. 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் கட்டாயம் என்றதும் நாடு முழுவதும் எல்லோரும் ஒரே நாளில் நுழைந்தோம். தளம் திணறியது, அன்றே தேதியைத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 1 முதல்தான் வெளிமாநிலச் சரக்குக்கு நடைமுறையாயிற்று. அன்று பொத்தானை எத்தனை முறை அமுக்கினோம் என்று எண்ணிப் பார்த்தால் பெர்க்லி கதையைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கடைசிக் கடிதம்

இப்போது அந்த 1,340 ரூபாய்க்கு வருவோம்.

யு.பி.ஐ. என்பதும் ஒரு நெறிமுறைதான். டி.சி.பி., ஐ.பி. ஆகியவை லாரி என்றால் இது லாரியில் போகும் சரக்கு. தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரல் 11 அன்று இதை அறிமுகம் செய்தது. நம் கண்ணுக்கு ஒரே கொடுக்கல் வாங்கலாகத் தெரிவது, உள்ளே பல உரையாடல்கள். வாடிக்கையாளரின் செயலி கழகத்தின் மையத்துக்குக் கேட்டுச் சொல்கிறது. மையம் அவருடைய வங்கியைப் பற்று எழுதச் சொல்கிறது. ஆயிற்று என்றதும் நம் வங்கியை வரவு எழுதச் சொல்கிறது. அதுவும் ஆயிற்று என்றதும் இரு பக்கத்துக்கும் செய்தி போகிறது. இவை எல்லாம் முடிந்த பின், நமக்குப் பெட்டி கொடுத்த கம்பெனியின் கணிப்பொறி, கடையிலுள்ள பெட்டிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தப் பெட்டிக்குள் தனி சிம் கார்டு இருக்கிறது. நம் வங்கிக் கணக்குக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது.

அன்று மாலை முதல் நான்கு உரையாடலும் ஒழுங்காக நடந்தன. ஐந்தாவது மட்டும் டவர் நெரிசலில் நின்றுபோயிற்று. இது போன்ற சிறு கருவிகளுக்கு எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறை பரவலாகப் பயன்படுகிறது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அதில் செய்தியை ஒரு முறை வீசிவிட்டு மறந்துவிடலாம். அல்லது கருவி திரும்பத் தொடர்புக்கு வரும் வரை வைத்திருந்து கொடுக்கலாம். பெட்டி பத்து மணிக்குப் பேசியது இரண்டாவது வகை.

தொழில்நுட்பம் இன்னும் வளர்ந்தால் இந்தச் சந்தேகமே வராதா என்று கேட்கலாம். வராமல் போகாது என்று கணிப்பொறி அறிஞர்கள் 1970களிலேயே காட்டிவிட்டார்கள். இரண்டு தளபதிகள் புதிர் என்று அதற்குப் பெயர். நம் பாணியில் சொல்கிறேன். நானும் நகரி வியாபாரி ஒருவரும் ஒரே நாளில் ஒரு சரக்கை வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் வாங்கினால் நஷ்டம். தபால் தொலைந்துபோகக்கூடிய ஊர். வெள்ளிக்கிழமை என்று நான் எழுதுகிறேன். அவர் சரி என்று பதில் எழுதுகிறார். அவருடைய பதில் எனக்குக் கிடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே துணிந்து வாங்க மாட்டார். கிடைத்தது என்று நான் இன்னொரு கடிதம் எழுதினால், அது அவருக்குச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. எத்தனை கடிதம் எழுதினாலும் கடைசிக் கடிதத்தை எழுதியவருக்கு அது போய்ச் சேர்ந்தது தெரியவே தெரியாது. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் கிடையாது.

ஆகவே உலகம் வேறு வழியில் சமாளிக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மாறாத ஓர் எண் கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் பின்னால் உட்கார்ந்து சிட்டையையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக் கொள்கிறார்கள். யு.பி.ஐ.யில் அது 12 இலக்க எண். வாடிக்கையாளர் போனிலும், அவர் வங்கிக் கணக்கிலும், நம் வங்கிக் கணக்கிலும் அதே எண் இருக்கும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். டி.சி.பி. ஒரே பொட்டலத்தைப் பத்து முறை அனுப்பினாலும் தீங்கில்லை. எண் ஒன்றே என்பதால் ஒன்றுதான் கணக்கில் சேரும். ஆனால் வாடிக்கையாளரிடம், வரவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்று நாம் சொல்லும்போது நடப்பது அதுவல்ல. அவர் மறுபடி ஸ்கேன் செய்தால் புதிய எண்ணில் புதிய பரிவர்த்தனை பிறக்கிறது. இரண்டுமே செல்லும். ஒரே சாமானுக்கு இரண்டு பில் போட்டது போல ஆகிவிடும். ரொக்கமாக வாங்கினாலும் இதே கதிதான். அந்த அம்மாவிடம் நான் செய்தது அதுதான்.

பற்று எழுதப்பட்டும் கடைக்கு உறுதி வராத பணம் என்ன ஆகும் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் கெடு வைத்திருக்கிறது. கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணமாக இருந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வாடிக்கையாளர் கணக்கில் தானாகத் திரும்ப வேண்டும். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணமாக இருந்தால் மறுநாளுக்குள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். பணம் நடுவழியில் ஆவியாகிவிடாது. ஒன்று நமக்கு வரும், இல்லை அவருக்குத் திரும்பும்.

முத்திரையும் பெயர்ப்பலகையும்

ரூட்டர்கள் எல்லாம் விலாசத்தைப் படிக்கும் என்றேன். உள்ளே இருப்பதையும் படித்துவிடுமா என்றால், டி.எல்.எஸ். என்ற நெறிமுறை மூட்டையைப் பூட்டி முத்திரை வைத்து அனுப்புகிறது. பிரவுசரில் எச்.டி.டி.பி.எஸ். என்று வருவது அதன் அடையாளம். வழியிலுள்ளவர் பிரிக்க முடியாது. எதிர்முனையில் உள்ளவர் பலகையில் போட்டிருக்கும் பெயருக்கு உரியவர்தான் என்பதற்கும் அது சான்று பார்க்கும். ஆனால் அவர் யோக்கியரா என்று அது பார்ப்பதில்லை. மோசடிக்காரரும் தம் பெயரில் பலகை மாட்டி முத்திரை வாங்கலாம். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற விலாசப் புத்தகமும் கேட்ட பெயருக்குத்தான் எண் தரும். வங்கியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது வேறு கடை.

போலிச் செயலியில் பச்சை டிக் காட்டிவிட்டுச் சாமானோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்த அம்மாவைச் சந்தேகித்ததே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. வாடிக்கையாளர் போனின் திரை சாட்சியாகாது. அது அவர் முனையின் கடிதம். என் தவறு, என் முனையின் பேரேட்டைப் பார்க்காமல், நடுவில் இருந்த பெட்டியைப் பேரேடு என்று நினைத்தது. பெட்டி ஓர் எடுபிடிப் பையன் மாதிரி. அவன் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் பணம் வரவில்லை என்று பொருளல்ல. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பணம் பெறுவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை, யாராவது போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கத்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

வங்கிக் கணக்கில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. ஊரும் தெருவும் இல்லை. கேட்டாலும் வங்கியில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. தெரிந்த தறிக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். பதினோரு நாள் கழித்து, மகனோடு அவரே வந்தார். கடைக்குள் ஏறவில்லை, வாசலில் நின்றபடியே மகனிடம், "நம்பரைக் காட்டுடா" என்றார். அவர் போனிலிருந்த 12 இலக்கத்தையும் என் கணக்கிலிருந்த 12 இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 1,340 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "அன்னைக்கும் இதே நம்பர்தானேண்ணா இருந்துச்சு" என்றார். அன்று நான் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது கல்லாப் பக்கத்தில் ஒரு சிட்டை வைத்திருக்கிறேன். பெட்டி பேசாவிட்டால் முதலில் வங்கிச் செயலியில் என் கணக்கைப் பார்க்கிறேன். அங்கும் இல்லையென்றால் வாடிக்கையாளர் பெயர், நேரம், தொகை, 12 இலக்கம் நான்கையும் எழுதிக்கொண்டு, தெரிந்தவரானால் சாமானைக் கொடுத்தனுப்பிவிடுகிறேன். தெரியாதவரானால் கால் மணி நேரம் உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கித் தருகிறேன். இரண்டாவது முறை ஸ்கேன் செய்யச் சொல்வதில்லை. பெட்டியில் ஒரு கம்பெனி சிம் இருப்பதால், என் போனில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுக்கொண்டேன். ஒரு டவர் திணறினால் மற்றது கிடைக்கும். எல்லையோரம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆந்திர டவர் பிடித்துக்கொள்ளும். அதனால் பணத்துக்கு ஒன்றும் ஆகாது, பொட்டலம் வேறு சாலையில் போகும், அவ்வளவுதான். இரவு கடை எடுத்து வைக்கும் முன் சிட்டையை வங்கிக் கணக்கோடு டிக் அடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகிறது.